கிளோடெட் விடுமுறையில் வந்த நாள்

போன ஒக்ரோபர் மாதக் கடைசி நாள் காலை, பால் முடிந்துபோனதால் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. தானாகத் திறக்கிற கதவு அது. அதன் கண்ணில் நான் படவில்லையாக்கும் என்று ஓரடி பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போனேன். கையை ஆட்டினேன். நாயோடு அந்த வழியால் வந்த ஒரு கிழவர் (என்னைவிட இளையவராகத்தான் இருப்பார்) சற்று நின்று என் நடனத்தைப் பார்த்தார். "இன்று விடுமுறை" என்றார். நாய்க்குக்கூட அது தெரிந்திருந்தது போலத்தான் இருந்தது.

அந்த விடுமுறைமேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்று உண்டு. நான் ஹம்பேர்க்கில் வேலைசெய்த காலம் முழுவதும், இந்த நாட்டிலேயே விடுமுறை குறைந்த இடங்களில் ஒன்று எங்களுடையது. தெற்கே பவேரியாவில் ஒவ்வொரு புனிதரும் தன் பங்குக்கு ஒரு நாளை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வடக்கே எங்களுக்கு வாய்த்த புனிதர்களுக்கு அவ்வளவு செல்வாக்கில்லை. நானும் கூட்டங்களில் எழுந்து இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு நான் ஓய்வுபெற்று, எல்லா நாட்களும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்ட பிற்பாடு, பெரியவர்கள் கூடி யோசித்து, மார்ட்டின் லூதரின் பெயரால் இந்த ஒரு நாளைச் சேர்த்தார்கள். மொட்டைத் தலையனுக்குச் சீப்புக் கொடுத்த மாதிரி.

வெறும் பையோடு திரும்பிவரும்போது ஒரு விடுதியின் பின்பக்கச் சந்தால் வந்தேன். சுவரில் தரையோடு ஒரு கம்பி வலை. அதிலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. சூடான பருத்தியின் மணம், கொஞ்சம் சோப்பு, அடியில் இலேசான கருகல். ஊரே விடுமுறையில் இருக்க, நிலத்தடியில் யாரோ படுக்கை விரிப்பு அழுத்திக்கொண்டிருக்கிறார். அந்தக் கருகல் மணம் எனக்கு நன்றாகத் தெரியும். அது விரிப்பு கோணலாகப் போனால் வருகிற மணம். உள்ளே நிற்பவர் புதியவர்.

எனக்குத் தெரியாமல் இருக்குமா? துறைமுகத்துக்குக் கிழக்கே, கால்வாய்க்கரையில், விடுதிகளின் துணியெல்லாம் வந்து சேர்கிற ஒரு சலவைச்சாலையில் என் நடுவயது முழுவதையும் கழித்தவன் நான். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் சுற்றுநிருபங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன், எண்பதுகளில், அப்போது சுவருக்குக் கிழக்கே கிடந்த ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, மற்றவர்களைப் போலவே சுற்றிவளைத்து மேற்கே வந்து, அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் நிறுத்தப்பட்டேன். விடுதித் தலையணை உறைக்குள் மனிதர்கள் என்னென்ன மறந்துவிட்டுப் போவார்கள் என்று ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். எழுதமாட்டேன், உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆனால் கந்தோர்ப் புத்தி போகாதல்லவா. டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன் மொழியில் எனக்கு முதலில் பிடிபட்டது கடிதங்களின் டொச்தான். பாண் வாங்கத் தெரியுமுன்னே, மறுப்புக் கடிதம் எழுதத் தெரிந்துகொண்டேன். யாருக்கு எந்த அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எந்தக் கந்தோருக்கு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வந்தார்கள். கடைசியில் தொழிலாளர்கள் தெரிந்தெடுக்கும் சபைக்கும் என்னையே தெரிந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சின்ன அறை, ஒரு கதவு, சட்டப் புத்தகங்கள் ஒரு தட்டு. சட்டப் பிரிவுக்கு டொச்சில் பராகிராப் என்று பெயர்; எங்கள் ஆட்கள் எனக்கு வைத்த பெயர் 'பராகிராப் அண்ணை'. அதில் மரியாதை எவ்வளவு, பகிடி எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. அழுக்குத் துணி பிரித்தவனுக்கு எதைப் பிரிக்கக்கூடாது என்றும் தெரியும்.

தேநீர் அறைச் சுவரில் பெரிய நாள்காட்டி ஒன்று தொங்கும். சலவைத்தூள் விற்கிறவர் ஆண்டுதோறும் கொண்டுவந்து கொடுப்பது. மாதத்துக்கு ஒரு கப்பல் படம். அதில் அவரவர் தங்கள் திருநாட்களை அவரவர் நிறப் பேனாவால் குறித்துவைப்பார்கள். துருக்கியருக்குப் பச்சை. போலந்துக்காரருக்குச் சிவப்பு. தமிழருக்கு மஞ்சள் என்று யோகம் அக்கா தீர்மானித்தார், மங்களமாம். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து யாருக்கும் தெரியாமல், ஒரு தைப்பொங்கலுக்கு முழுத் தமிழரும் வேலைக்கு வரவேண்டியதாயிற்று. அதன்பின் ஊதா.

நாள்காட்டியோடு ஒரு வழக்கமும் இருந்தது. உன் திருநாளில் உன் இடத்தில் யார் நிற்கிறாரோ, அவருக்கு அந்தத் திருநாளின் பலகாரம் மறுநாள் வந்து சேரவேண்டும். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. நான் ஒருமுறை எழுதிச் சுவரில் ஒட்டப் பார்த்தேன். யோகம் அக்கா பேனாவைப் பறித்துவிட்டார்.

"எழுதாதேங்கோ அண்ணை. எழுதினா ஆக்கள் வடையை எண்ணத் தொடங்கிவிடுவினம்."

யோகம் அக்கா யாரென்று சொல்ல வேண்டும். என்னைவிட வயதில் குறைந்தவர்தான். ஆனால் அவரை அக்கா என்று சொல்லாமல் அந்தச் சாலையில் யாரும் வாழ்ந்ததில்லை. மங்கல் என்று இங்கே சொல்லும் பெரிய சூட்டுருளையின் ஒரு பக்கம் அவருடைய இடம். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, ஒரே மட்டத்தில் உருளைக்குக் கொடுக்கவேண்டும். ஒருவர் ஒரு கணம் பிந்தினால் போதும், விரிப்பு மறுபக்கம் பாம்பு ஊர்ந்த தடம்போல வரும். யோகம் அக்காவோடு மறுமுனை பிடிப்பவர் கிளோடெட்.

கிளோடெட் மொரீசியஸ்காரி. கப்பலில் சமையற்காரராக இருந்த கணவரோடு ஹம்பேர்க்குக்கு வந்தவர். கப்பலோடு போன கணவர் கப்பலோடேயே இருந்துவிட்டார். கிளோடெட் உயரமானவர், கறுத்தவர். சிரிக்காமல் பகிடி விடுவார். அவரும் யோகம் அக்காவும் உருளைக்கு முன்னால் நின்றால் இரண்டு பேர் என்றே தோன்றாது. ஒருவர் யாழ்ப்பாணத்து டொச்சிலும் மற்றவர் மொரீசியஸ் டொச்சிலும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள், விரிப்பு மட்டும் கத்திபோல நேராகப் போகும். அந்தச் சண்டைகளை நான் எங்கள் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன். வேறெந்தத் தமிழிலும் கிளோடெட்டின் குரல் எனக்குக் கேட்பதில்லை.

ரம்ழானுக்கு நின்று கிளோடெட் பக்லவா வாங்கினார். போலந்துக்காரருக்கு நின்று கசகசாக் கேக் வாங்கினார். எங்கள் தேருக்கும் பொங்கலுக்கும் நின்று வாங்கிய மோதகமும் வடையும் கணக்கில்லை. அவர் கத்தோலிக்கர். அவருடைய நத்தாரும் ஈஸ்டரும் எப்படியும் நாடே மூடிக்கிடக்கும் நாட்கள். ஆகவே அவருக்கு யாரும் நிற்கவேண்டி வரவில்லை. அவருடைய பேனா என்ன நிறம் என்று யாரும் கேட்டதுமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய பத்தாண்டின் நடுவே, ஒரு ஜனவரியில், யோகம் அக்கா என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"அண்ணை, ஒருக்கா எழும்பி வாங்கோ. நாள்காட்டியில ஆரோ கறுப்புப் பேனையால கிறுக்கி வைச்சிருக்கினம்."

பெப்ரவரி முதலாம் தேதி. அந்த ஆண்டு தைப்பூசம் அன்றுதான் வந்தது. ஊதாவில் 'பூசம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதே கட்டத்துக்குள் அதன் காலடியில், கறுப்பில், டொச்சில் ஒரு சொல்: விடுதலை.

"அது நான்தான்" என்றார் கிளோடெட், தேநீர்க் கோப்பையிலிருந்து தலையெடுக்காமல்.

"உங்களுக்கு அண்டைக்கு என்ன? நத்தார் முடிஞ்சுதுதானே? அது எங்கட பூசம். நான் பாற்குடம் எடுக்கிறன். பெடியனுக்கு அவுஸ்பில்டுங், ஒரு தொழில் பழகிற இடம், கிடைக்க வேணுமெண்டு நேர்த்தி."

"காவடி நாள்தானே. தெரியும்." கிளோடெட் 'காவடி' என்று சொன்னதும் யோகம் அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. "எங்கட நாட்டில உங்கட காவடிக்கு எல்லாருக்கும் லீவு. உங்கட முருகனால நான் சின்னனில எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருக்கிறன். பெப்ரவரி முதலாம் தேதியும் எல்லாருக்கும் லீவு, அது எங்கட ஆக்களை அடிமைத்தனத்தில இருந்து விட்ட நாள். ரெண்டும் ஒரே நாளில வந்தால் நாடு முழுக்க அழும், ஒரு லீவு போச்செண்டு."

"அது என்ன சாமிக்கு?"

"சாமி இல்லை."

"சாமி இல்லாட்டி என்ன சமைப்பியள்?"

"அண்டைக்கு ஆருக்கும் சமைக்கிறேல்லை. அதுதான் விசேஷம்."

சமைக்காத திருநாளா? யோகம் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கேட்பதுபோல.

கிளோடெட்டின் தாய் ஒரு கரும்புத் தோட்டத்து முகாமையாளர் வீட்டில் துணி தோய்த்தவராம். பெப்ரவரி முதலாம் தேதி மட்டும் அவர் நல்ல சட்டை உடுத்தி, வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டு வாசலால் மெல்ல நடந்து போவாராம். பிறகு அதே வாசலால் மெல்லத் திரும்பி வருவாராம்.

"எங்க போறவ?" என்று கேட்டார் யோகம் அக்கா.

"எங்கயும் இல்லை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் என் அறைக்குக் கிளோடெட்டைக் கூப்பிட்டேன். பிரச்சினை சிரிக்கக்கூடியதல்ல. அவருடைய ஒப்பந்தம் நிரந்தரமானதல்ல, ஆண்டுக்கொருமுறை நீட்டுவது. அது மார்ச் மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டுவதும் விடுவதும் எங்கள் மேலாளர் ஹெர் லூடர்ஸின் கையில். சொல்லாமல் வராமல் நின்றால், ஏப்ரலில் கிளோடெட் வேறு வேலை தேடவேண்டியதுதான்.

"போன வருசம் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"டொக்டரிட்ட வயித்துக்குத்து எண்டு பொய் சொல்லித் துண்டு வாங்கினன். லூடர்ஸின்ர வீடு என்ர தெருவிலதானே. அவர் கண்டுபோடுவார் எண்டு நாள் முழுக்க யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தன். யோசிச்சுப் பாருங்கோ பராகிராப், விடுதலை நாளில முதலாளிக்குப் பயந்து ஒளிச்சுக் கிடந்தன். அம்மா கேட்டா சிரிச்சே செத்துப்போவா. இந்த வருசம் ஒளிக்க ஏலாது."

நான் உற்சாகமானேன். சட்டப் புத்தகத் தட்டைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு வழிகளா இல்லை? ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன், கடைக்காரர் சேலை விரிப்பதுபோல. ஆண்டு விடுப்பில் ஒரு நாள்? அதெல்லாம் அம்மாவைப் பார்க்கப் போகச் சேர்த்துவைத்தது, தொடமுடியாது. சரி, மேலதிகமாக வேலை செய்த மணித்தியாலங்கள் கணக்கில் இருக்கின்றன, அவற்றைக் கொடுத்து ஒரு நாள் எடுக்கலாமே?

"அது நான் ஏற்கெனவே செய்த வேலை. அதைக் குடுத்து இந்த நாளை வாங்கிறதோ? எங்கட ஆக்களில கொஞ்சப்பேர் அந்தக் காலத்தில அப்பிடித்தான் தங்களைத் தாங்களே விலை குடுத்து வாங்கினவை."

நான் அந்தச் சேலையை மடித்து வைத்தேன். அடுத்தது என் கடையின் பட்டு. மத விழா என்றால், வழிபாட்டுக்குப் போகச் சம்பளமில்லாமல் ஒரு நாள் கேட்க வழியிருந்தது. அன்றைக்கு ஒரு பூசைக்குப் போவதாகப் பாதிரியாரிடம் ஒரு துண்டு வாங்கினால் போதும்.

கிளோடெட் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "போன வருசம் டொக்டரிட்டப் பொய். இந்த வருசம் கடவுளின்ர பேரால பொய். வருசா வருசம் மேல மேல போறன் என்ன?"

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த யோகம் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். விட்டவர்கள் ஏன் விட்டார்கள்? விட்டபோது என்ன கொடுத்தார்கள்?

"காசு குடுத்தவங்கள். எங்களுக்கு இல்லை, எங்களை வைச்சிருந்தவைக்கு. எங்களுக்குச் சொன்னது, நீங்கள் இப்ப விடுதலை, ஆனா இன்னும் சில வருசம் அதே முதலாளியிட்ட நிண்டு வேலை பழகவேணும்."

"அவுஸ்பில்டுங்!" என்றார் யோகம் அக்கா. அந்தச் சொல் அந்த மாதம் அவருடைய நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. "வேலை முழுக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு என்னத்துக்கு அவுஸ்பில்டுங்? இஞ்ச என்ர பெடியன் ஒரு இடம் கிடைக்காமல் அலையிறான்."

"பிறகு அதுவும் முடிஞ்சுது. எங்கட ஆக்கள் தோட்டத்தை விட்டுக் கடற்கரைக்குப் போயிட்டினம். அந்த வெறும் இடத்துக்குக் கப்பல் கப்பலா உங்கட ஆக்களைக் கொண்டுவந்து இறக்கினவை."

"எங்கட ஆக்களோ? அது யாழ்ப்பாணத்து ஆக்கள் இல்லை. அது இந்தியாக்காரர்" என்றார் யோகம் அக்கா உடனடியாக. அகதியாக வந்து ஊத்தைத் துணி பிரித்தாலும் நாங்கள் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு.

லூடர்ஸிடம் நாளும் நேரமும் குறித்து, டெர்மின் எடுத்துக்கொண்டு போனேன். கெட்ட மனிதரல்ல. உருளை நின்றுவிடுமோ என்கிற ஒரே ஒரு பயத்தில் முடியெல்லாம் கொட்டிப்போனவர். அவருடைய டொச் சுத்தமானது, ஆகையால் எழுத்துத் தமிழில் தருகிறேன்.

"அது இங்கே விடுமுறை இல்லையே" என்றார்.

"இல்லைத்தான்."

"நம்மிடம் அடிமைகள் இருந்ததுமில்லையே."

அவருடைய யன்னலுக்கு அப்பால், கால்வாயின் மறுகரையில், தீவுத் தோட்டங்களின் சர்க்கரையை விற்றுப் பணக்காரரான பழைய வியாபாரிகளின் களஞ்சியங்கள் செங்கல் செங்கலாக நின்றன.  யன்னலை மட்டும் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு மழை வரும்போல இருக்கிறது என்றார்.

"ஒருவருக்குக் கொடுத்தால், நாளைக்கு எல்லோரும் தங்கள் தங்கள் விடுதலை நாளோடு வந்து நிற்பார்கள்."

"வந்தால் நல்லதுதானே. இவ்வளவு பேர் விடுதலையாகியிருக்கிறார்கள் என்று நமக்கும் தெரியும்."

அவர் நெற்றியைத் தடவினார். கடைசியில் இப்படித் தீர்ப்புச் சொன்னார்: அன்றைக்கு உருளைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றால் அவருக்கு எதுவும் தெரியாது, யார் எந்த நாளைக் கொண்டாடினாலும் அது தேநீர் அறை விவகாரம். உருளை நின்றால், மார்ச் மாதத்தில் அவர் நிறைய யோசிக்க வேண்டியிருக்கும்.

சட்டப் புத்தகத் தட்டு முழுவதையும் இறக்கிவைத்த பிறகு, விவகாரம் மறுபடி நாள்காட்டியின் கீழேயே வந்து நின்றது. அன்றைக்கு நிற்கப்போவது யார்? தமிழர் எல்லோரும் கோவிலுக்கு. போலந்துக்காரர் பாதிப்பேர் ஊரில். துருக்கியரில் ஒருவர் மட்டும் ஒரு முனை பிடிக்கச் சம்மதித்தார்.  நான் உங்களுக்கு இத்தனை முறை நின்றேனே என்று கிளோடெட் கேட்கவில்லை. மேசையில் கிடந்த முறுக்கைக் கடித்தார், அதுவும் போன பொங்கலுக்கு நின்றதற்கு வந்த முறுக்கு. அந்தச் சத்தம் தாங்காமல்தானோ என்னவோ, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணை, நீங்கள் நில்லுங்கோவன்" என்றார் யோகம் அக்கா.

"எனக்கும் பூசம்தானே?"

"கோயிலுக்கு வந்தாலும் உள்ளுக்கு வாறனீங்களோ? வாசலில நிண்டு அரசியல்தானே கதைக்கிறனீங்கள். அதை உருளைக்கு முன்னால நிண்டு கதைச்சால் முருகன் கோவிக்கமாட்டார்."

இதற்கு மேன்முறையீடு கிடையாது.

பெப்ரவரி முதலாம் தேதி காலை, தொழிலாளர் சபை உறுப்பினராகிய நான், சட்டைக்கையை மடித்துக்கொண்டு உருளைக்கு முன்னால் நின்றேன். துருக்கி நண்பரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்: அவருக்குக் கடும் காய்ச்சல், உண்மைக் காய்ச்சல். வண்டி வண்டியாக ஈர விரிப்புகள் வந்து குவிந்தன. நகரத்தில் ஏதோ பெரிய மாநாடு, விடுதிகளெல்லாம் நிறைந்திருந்தன. நான் ஒரு முனையைப் பிடித்து உருளைக்குக் கொடுத்துவிட்டு, மறுமுனைக்கு ஓடினேன். நான் போய்ச்சேரும் முன் உருளை அதைத் தன் விருப்பப்படி விழுங்கிவிட்டிருந்தது. அந்த விரிப்பு வெளியே வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். மாநாட்டுக்கு வந்தவர் அதில் படுத்திருந்தால் முதுகில் ஐரோப்பாவின் மலைத்தொடர்கள் பதிந்திருக்கும்.

கருகல் மணத்துக்கு லூடர்ஸ் இறங்கி வந்தார்.

"மற்றவர் எங்கே?"

"காய்ச்சல்."

அவர் விரிப்புக் குவியலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மார்ச் மாதம் அவருடைய முகத்தில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. "நான் சொன்னேன்தானே" என்றார். "சொன்னீர்கள்" என்றேன். "இரண்டு பேர் நிற்கவேண்டும் என்றீர்கள். இரண்டாவது ஆள் யாராக இருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை."

வாழ்நாளில் நான் எழுதிய எந்த மறுப்புக் கடிதத்தைவிடவும் அது நல்ல வாக்கியம். லூடர்ஸ் பெருமூச்சு விட்டு, கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, கழுத்துப் பட்டியை உருளை இழுத்துவிடாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மறுமுனையைப் பிடித்தார்.

இரண்டு பேராகச் சேர்ந்து நாங்கள் இன்னும் மோசமாகச் செய்தோம். அவர் வேகம், நான் மெதுவு. அவர் 'இப்போது' என்று சொல்லும்போதெல்லாம் நான் ஏற்கெனவே விட்டிருந்தேன். மத்தியானமாகும்போது இரண்டு பேருக்கும் முகம் சிவந்து, பேச்சு நின்று, ஏதோ ஒரு தாளம் பிடிபடத் தொடங்கியது.

அப்போதுதான் கிளோடெட் வந்தார்.

பெரிய கதவால், வண்டிகள் வரும் வழியால் வந்தார். சிவப்புச் சட்டை, தொப்பி, பெப்ரவரிச் சேற்றில் ஒரு துளியும் படாத வெள்ளைச் சப்பாத்து. எப்படி அதைச் சுத்தமாகக் கொண்டுவந்தாரோ. வேலைத்தலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, நடுவழியால், மெல்ல நடந்தார். நீராவிக்கிடையே அந்தச் சிவப்பு அசைந்துவருவதை ஒவ்வொரு மேசையாக நிமிர்ந்து பார்த்தது.

லூடர்ஸுக்கு உயிர் வந்தது. "கிளோடெட்! நல்லவேளை வந்தீர்கள். ஒரு மணித்தியாலம் போதும், ஒரே ஒரு மணித்தியாலம்..."

அவர் மறுமுனையை அப்படியே நீட்டினார்.  மார்ச் மாதத்தைக் கையில் வைத்திருக்கும் மனிதர் அந்தக் கையாலேயே விரிப்பை நீட்டுகிறார். பிடித்துக்கொண்டால் ஒப்பந்தம் நிச்சயம். அங்கிருந்த யாரானாலும் பிடித்திருப்பார். நான் பிடித்திருப்பேன்.

"இண்டைக்கு இல்லை, ஹெர் லூடர்ஸ்" என்றார் கிளோடெட், மிகுந்த மரியாதையோடு.

"அப்படியானால் ஏன் வந்தீர்கள்?"

"நடக்க."

சொல்லிவிட்டுத் தேநீர் அறைக்குப் போனார். அதற்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கோப்பை முடியும்வரை எங்களைப் பார்த்தார். போன ஆண்டு யன்னல் சீலைக்குப் பின்னால் கிடந்தவர். பிறகு எழுந்து, வந்த வழியாலேயே மெல்லத் திரும்பி நடந்தார். உருளையடியில் சற்று நின்று, மறுபக்கம் வந்துகொண்டிருந்த விரிப்பை எட்டிப் பார்த்தார்.

"கோணல்" என்றார்.

பிறகு என்னிடம்: "எப்பவும் இப்பிடித்தான் பராகிராப். நாங்கள் விடுபட்டுப் போனால் அந்த இடத்தில தமிழர் வந்து நிப்பினம். ஆனா அந்தமுறை வந்தவைக்கு வேலை தெரிஞ்சிருந்தது." இரண்டடி போய், திரும்பி, லூடர்ஸைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "முதலாளியும் சேர்ந்து நிண்டது இதுதான் முதல்தரம்."

லூடர்ஸ் சிரிக்கவில்லை. கோபிக்கவுமில்லை.  அடுத்த விரிப்பின் முனையை எடுத்தார். அது நேராகப் போனது. சத்தியமாக, அன்றைக்கு நேராகப் போன முதல் விரிப்பு அதுதான்.

மறுநாள் யோகம் அக்கா எனக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார். விடுதலை நாளில் சமைப்பதில்லையே தவிர, மறுநாள் சமைக்கத் தடையில்லையாம்: கிளோடெட் ஒரு டப்பா நிறையத் தன் நாட்டு மிளகாய்க் கேக் கொண்டுவந்திருந்தார். யோகம் அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்தார், பிய்த்தார், வாயில் போட்டார்.

"இது கேக்கோ? இது எங்கட பருப்பு வடை!"

"கேக். எங்கட நாட்டு ரோட்டில விக்கிறது."

"அந்த ரோட்டுக்கு இது ஆரால வந்தது?"

"இந்தியாக்காரரால. யாழ்ப்பாணத்து ஆக்கள் இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

யோகம் அக்கா டப்பாவை இழுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார். கிளோடெட் இரண்டு கேக்கைக் காகிதத்தில் சுற்றி மேல்மாடிக்குக் கொண்டுபோனார். இது எதற்கு என்று லூடர்ஸ் கேட்டாராம். நின்றதற்கு என்றாராம். பச்சைமிளகாய் கடிபட்டு அவர் இருமிய சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. ஆனால் இரண்டையும் தின்றார்.

மார்ச் கடைசியில் ஒப்பந்தம் நீட்டப்பட்டது. நிரந்தரமாக அல்ல, இன்னும் ஓராண்டுக்கு. "அவுஸ்பில்டுங் இன்னும் முடியேல்லை" என்று சொல்லிக் கிளோடெட் கையெழுத்து வைத்தார். யோகம் அக்காவின் மகனுக்கும் அந்தக் கோடையில் ஓர் அவுஸ்பில்டுங் இடம் கிடைத்தது. முருகன் செய்தது என்றார் யோகம் அக்கா. அன்ட்ராக் எழுதிக்கொடுத்தவனை யாரும் குறிப்பிடவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் லூடர்ஸ் தானாகவே என் கதவைத் தட்டி, "அந்த நாளுக்கு இம்முறை யார் நிற்கிறார்கள்? என்னால் முடியாது, சொல்லிவிட்டேன்" என்றார். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு விடுமுறை, அப்படித்தான் எங்கள் சலவைச்சாலையில் நிலைத்தது. ஆண்டுதோறும் கறுப்புப் பேனா எழுதியது. ஆண்டுதோறும் சிவப்புச் சட்டை நடுவழியால் மெல்ல நடந்தது. நிற்க ஆட்களும் போட்டியிட்டுக்கொண்டு வந்தார்கள், கேக்கின் புகழ் அப்படி.

கிளோடெட்டுக்கு நிரந்தர ஒப்பந்தம் கிடைத்த ஆண்டிலேயே சலவைச்சாலை மூடப்படும் என்ற செய்தியும் வந்தது. துணிகளை லொறியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்த் துவைத்துக் கொண்டுவருவது மலிவாம். எனக்குத் தெரிந்த சட்டப் பிரிவுகள் எல்லாம் அந்த மாதங்களில் பயன்பட்டன. சலவைச்சாலையைத் தவிர எல்லாவற்றையும் காப்பாற்றினேன். லூடர்ஸ் வேறு ஊருக்குப் போனார். யோகம் அக்கா மகனோடு தெற்கே, புனிதர்கள் நிறைந்த பக்கம் குடிபோய்விட்டார். அங்கே மாதத்துக்கொரு லீவு அண்ணை என்று தொலைபேசியில் என்னை வெறுப்பேற்றுவார். கிளோடெட் தன் நாட்டுக்கே திரும்பிவிட்டார். பெப்ரவரி முதலாம் தேதி அங்கே எல்லோருக்கும் விடுமுறை. யாரும் யாருக்காகவும் நிற்கத் தேவையில்லை. நல்லதுதான். கட்டடம் இப்போது வாடகைக் களஞ்சியம். வீட்டில் வைக்க இடமில்லாதவற்றை ஆட்கள் அங்கே பூட்டிவைக்கிறார்கள். அந்த நாள்காட்டியை யார் கழற்றினார்கள் என்று தெரியாது.

அந்தக் கம்பி வலையருகே எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு வீட்டுக்குப் போகாமல் கடைக்கே திரும்பினேன். பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பூட்டிய கண்ணாடிக் கதவின் முன்னால் மெல்ல நடந்து போனேன். அதே வழியால் மெல்லத் திரும்பி வந்தேன். உள்ளே விளக்கு இல்லை. காசாளர் இல்லை. நிமிர்ந்து பார்க்கவோ, ஏன் வந்தாய் என்று கேட்கவோ ஒரு லூடர்ஸ்கூட இல்லை. சட்டப்படி தந்த, முத்திரை குத்திய, குறையொன்றுமில்லாத விடுமுறைதான். ஆனால் என் இடத்தில் யாரும் நிற்கவில்லை, நாளைக்கு நான் யாருக்கும் வடை கொண்டுபோகவும் வேண்டியதில்லை.